தனியாக வந்தவர்கள்

நான் எழுதிய புரோகிராம்களிலேயே சுத்தமானது எது என்று யாராவது கேட்டால், 1988 ஆனி மாதம் தென்காசியில் எழுதியதைத்தான் சொல்வேன். மொத்தம் நூற்றுப்பத்து வரி. அநாவசியமாக ஒரு வரி கிடையாது. அதுதான் என் அம்மாவின் கண்ணைக் கொண்டுபோனது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், கம்ப்யூட்டர் சென்டர் என்று போர்டு மாட்டியிருந்த இடத்தில் வேலை. சென்டர் என்றால் இரண்டு மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு ஏசி. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பதால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இலஞ்சியிலிருந்து சைக்கிளில் வருகிற, சத்துணவு ஆயா மகன் குற்றாலிங்கத்துக்கு, அதாவது எனக்கு, ஊர்ப் பெரிய மனுஷர்களை வாசலில் நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொல்வதில் அப்படி ஒரு சந்தோஷம். இப்போது நினைத்தால் அவனை ஓங்கி அறையலாம் போலிருக்கிறது.

அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. குற்றாலத்துக்குப் போகிற கூட்டம் தென்காசியை அடைத்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் பீர் மைதீன் அண்ணாச்சி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கடையநல்லூர்க்காரர். துபாயில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நல்ல காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பார். தென்காசியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் இலவசக் கண் முகாம் ஏற்பாடு செய்திருந்தார். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சீட்டு எழுதுவார்கள். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர். ஆபரேஷன் வேண்டும் என்றால் டாக்டர் அந்தச் சீட்டில் சிவப்பு மையால் ஒரு டிக் போடுவார். டிக் விழுந்தவர்களை மதுரைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். டிக் விழுந்த சீட்டுகளை மட்டும் ஊர்வாரியாகப் பிரித்து, எந்த ஊர்க்காரர் எந்தப் பஸ் என்று பட்டியல் போடவேண்டும்.

"கையால எழுதினா மூணு நாளாயிரும் தம்பி. ஒங்க மிசின்ல முடியுமா?" என்றார்.

"சீட்டை டைப் அடிச்சுட்டா, பட்டியலுக்கு ஒரு மணி நேரம் போதும் அண்ணாச்சி."

"தமிழ்லயா?"

"தமிழ்லயே வரும்."

ஒரு மெஷினில் தமிழ் எழுத்து வரவைக்கிற கார்டு ஒன்றைப் புதிதாகப் போட்டிருந்தோம். அண்ணாச்சி திரையில் தன் பெயரைத் தமிழில் பார்த்துவிட்டு, விரலால் தொட்டே பார்த்தார். அதற்கப்புறம் நான் தரையில் நடக்கவில்லை.

சென்டரில் டைப் அடித்தது இராமலட்சுமி. தமிழ், இங்கிலீஷ் இரண்டு டைப்ரைட்டிங்கிலும் ஹையர் பாஸ் பண்ணினவள். விரல் பறக்கும். இனிஷியலை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பாள், பிறகு ஒரு விசையைத் தட்டித் தமிழுக்கு மாறிப் பெயரை அடிப்பாள். எங்கள் பக்கத்தில் இனிஷியல் என்றாலே இங்கிலீஷ்தான். இருபது சீட்டு முடிந்ததும், எதுவரை அடித்தோம் என்று தெரிவதற்காகக் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொள்வாள்.

என் புரோகிராம் அந்தக் கோடுகளைத் தள்ளிவிட்டு ஆட்களை மட்டும் எடுக்கவேண்டும். வெகு சுலபம். ஒவ்வொரு வரியிலும் முதலில் இருப்பது எழுத்தா என்று பார். எழுத்து என்றால் ஆள். எழுத்து இல்லையென்றால் கோடு, தள்ளு. நான் எழுதிய சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் இதைக் கேட்பதற்கென்றே ஃபங்ஷன் என்று ஒரு சின்னத் துணைப் புரோகிராம் தயாராக இருக்கிறது. அதைக் கூப்பிட்டேன். சென்டரில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் போட்டுச் சோதித்தேன். யூ. குற்றாலிங்கம் வந்தான், மற்ற எல்லாரும் வந்தார்கள், கோடுகள் போயின.

முகாம் முடிந்த மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் மைக் கட்டிப் பட்டியலை வாசித்தார்கள். பிரிண்டர் தாள் மடிப்பு மடிப்பாக விழ, அண்ணாச்சி ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பக்கத்தில் நான், வெள்ளைச் சட்டையில். கடைசியில் மொத்தம் இருநூற்று எண்பத்தொன்பது பேர் என்று வந்தது.

"சீட்டு முந்நூறுக்கு மேல இருந்த மாதிரி இருந்துச்சே தம்பி?"

"மிசின் எண்ணிச் சொல்லுது அண்ணாச்சி. கையால எண்ணினாத்தான் கூடக் கொறய வரும்."

குத்துக்கல்வலசையிலிருந்து வந்திருந்த ரெங்கம்மாள் என்ற ஒரு அம்மா மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். "எய்யா, டாக்டரு டிக்கு போட்டாருல்லா. எம் பேரை வாசிக்கலியே?" என்றாள்.

நான் தாளைப் பார்த்தேன். "இதுல இல்ல ஆச்சி. மிசின்ல இல்லன்னா இல்லதான். டாக்டர் வேண்டாம்னு வச்சிருப்பாரு. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

கட்டுக் கட்டாகச் சீட்டுகள் சென்டர் அலமாரியில் இருந்தன. மாடியேறி ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை. பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா உளுந்தஞ்சோறு பொங்கி, எள்ளுத்துவையல் அரைத்து வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் அது நல்ல நாளுக்குத்தான். "என்னம்மா விசேஷம்?" என்றேன். "ஒண்ணுமில்ல எய்யா, மனசு நல்லாருக்கு" என்றாள். மகனுடைய பட்டியலை ஊரே மெச்சியது இலஞ்சிவரை எட்டிவிட்டதாக்கும் என்று நினைத்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தப் புரோகிராமைக் காட்டித்தான் ஆவணியில் சென்னையில் வேலை வாங்கினேன்.

சென்னை ஆபீசில் மார்கழி வாக்கில் ஒரு ஜெராக்ஸ் கட்டு சுற்றுக்கு வந்தது. சி மொழிக்கு அமெரிக்காவில் புதிதாக விதி எழுதுகிறார்கள், அதன் நகல். அதில் ஒரு புது விஷயம் இருந்தது. இந்தப் புரோகிராம் எந்த ஊரில் ஓடுகிறது என்று முதலில் மெஷினுக்குச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்த ஊரில் எதெல்லாம் எழுத்து என்று அது தெரிந்துகொள்ளும். சொல்லாவிட்டால் இங்கிலீஷின் பெரிய எழுத்து இருபத்தாறு, சின்ன எழுத்து இருபத்தாறு, அவ்வளவுதான் அதற்கு எழுத்து. மற்றதெல்லாம் கோடு, புள்ளி, குப்பை வகையில் சேர்த்தி. எங்களிடம் இருந்த மெஷினில் சொல்வதற்கு வேறு ஊரே கிடையாது.

டீக்கடையில் நின்று இதைத் தமாஷாகச் சொன்னேன். "நம்ம அ, ஆ எல்லாம் எழுத்தே இல்லியாம்ல, தெரியுமா?" என்று நான் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தென்காசிப் பட்டியல் ஞாபகத்துக்கே வரவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். காலை பத்து மணி, முற்றத்தில் நல்ல வெயில். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு இடப்பக்கம், இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். "எய்யா, எங்க போயிட்ட?" என்று சத்தம் கொடுத்தாள்.

"இங்கனதான நிக்கேன்."

கழுத்தை முழுக்கத் திருப்பித் தேடினாள். நேருக்கு நேர் வந்தபிறகுதான் கண்டாள். "வெளிச்சம் பத்தல" என்றாள்.

முறத்தை வாங்கிக் கீழே வைத்தேன். "எத்தன நாளா இப்படி இருக்கு?"

"அது வருசத்துக்கு மேல ஆச்சு. இப்பத்தான் ரெண்டு மாசமா ரொம்ப. முகாமுலதான் காட்டினேனே."

"எந்த முகாம்?"

"நீ பட்டியல் போட்டியே, அந்த முகாம்தான்."

பிறகு விஷயத்தைச் சாவகாசமாகச் சொன்னாள். இரண்டாம் நாள், பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிப் போயிருக்கிறாள். கண்ணுக்குள்ளே பிரஷர் ஏறிவிட்டது, உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லி, டிக் போட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நான் சென்னை இன்டர்வியூவுக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. "சொன்னா நீ போகமாட்ட. பட்டியல்ல பேரு வந்தபொறவு சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்" என்றாள். வாசிக்கிற அன்றைக்கு நான் பார்த்துவிடக் கூடாதென்று முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

"நீ மைக்குப் பக்கத்துல நின்ன. வெள்ளைச் சட்டை. அம்புட்டுத் தூரத்துலயும் பளிச்சுன்னு தெரிஞ்ச" என்றாள்.

"பேரு வரலன்னதும் எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்லா?"

"கேக்க என்னய்யா இருக்கு? பேரு வரலன்னதும்தான் எனக்கு உசுரே வந்துச்சு. வேண்டாம்னு வச்சுட்டாவன்னு அம்புட்டு சந்தோசம். வேற எவனும் போட்ட பட்டியல்னா சந்தேகம் வந்திருக்கும். நீ போட்டதுல்லா?"

உளுந்தஞ்சோற்றின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

லீவு நாளென்றும் பார்க்காமல் இராமலட்சுமி வீட்டில் சாவி வாங்கி, சென்டரைத் திறந்து சீட்டுகளை எடுத்தேன். இலஞ்சிக் கட்டுக்குள் அம்மாவின் சீட்டு இருந்தது. பெயர்: பேராச்சி. கணவர் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் சிவப்பு டிக், அதற்குக் கீழே அதே மையில் 'உடனே' என்று கோடு போட்டு எழுதியிருந்தது.

எங்கள் பக்கத்தில் அம்மா வயசுப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவளை இடிப்பார்கள், அவள் சொல்லுவாள். முகாமிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. மகளோடு, நாத்தனாரோடு வந்தவர்களுக்கெல்லாம் கூட வந்தவர்கள் சொல்லி, கட்டம் நிரம்பியிருக்கிறது. தனியாக வந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. கட்டம் காலியாக இருந்தால் இராமலட்சுமி இனிஷியல் இல்லாமல் நேரே தமிழில் பெயரை அடித்திருக்கிறாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. முதல் எழுத்தே தமிழாக இருந்த அந்த வரிகளைப் பார்த்து, இது எழுத்தில்லை என்று என் புரோகிராம் தள்ளியிருக்கிறது. குறுக்கே போட்ட கோடும் என் அம்மாவும் அதற்கு ஒன்று.

சீட்டு முந்நூற்றுப் பன்னிரண்டு. விட்டுப்போனது இருபத்து மூன்று. அத்தனையும் பெண்கள். அத்தனை பேரும் தனியாக வந்தவர்கள்.

அம்மா பெயர் சொல்லாமல் காப்பாற்றிய அந்த மனுஷன், எனக்கு ஐந்து வயசிருக்கும்போது புனலூர்ப் பக்கம் மரக்கடை வேலைக்குப் போனவர். அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. ஒரு கடுதாசிகூடக் கிடையாது. ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோதுகூட, "எய்யா, நீ சொல்லு" என்று என்னைத்தான் முன்னால் தள்ளினாள். அந்த ஆளுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது என்று நான் குதித்திருக்கிறேன். "அது அவுகளுக்காக இல்லய்யா" என்பாள். வேறு யாருக்காக என்று நான் கேட்டதில்லை.

பீர் மைதீன் அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மறு வாரமே வேன் பிடித்து எல்லாரையும் மதுரைக்கு அழைத்துப் போனார். மற்றவர்களுக்கெல்லாம் புரைதான், ஆறு மாதம் தாமதமானாலும் பார்வை திரும்பியது. ரெங்கம்மாள் கட்டு அவிழ்த்த அன்றைக்கு என்னைப் பார்த்து, "நீதானால அது? இப்பத்தான் ஒன் மூஞ்சி தெரியுது" என்றாள். அதில் இருந்த குத்தலை நான் வாங்கிக்கொண்டேன்.

அம்மாவை மட்டும் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். வலது கண் முடிந்துவிட்டது, இடது கண் இன்னும் சில மாதம், ஆபரேஷன் செய்தும் பிரயோஜனம் இல்லை என்றார். "ஆனியிலேயே வந்திருந்தா ஒரு கண்ணையாவது..." என்றவர், நான் கையில் வைத்திருந்த பழைய சீட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா கேட்டாள். "எய்யா, அன்னைக்கு எம் பேரு ஏன் வரல?"

"ஒன் பேருக்கு முன்னால இனிஷியல் இல்லம்மா. இனிஷியல் இல்லாத பேரை மிசின் தள்ளிருச்சு."

இது பொய் இல்லை. அதனால்தான் என்னால் சொல்ல முடிந்தது. பஸ் புளியங்குடி தாண்டியது. பிறகு, "அப்ப தப்பு எம்மேலதான்" என்றாள். இல்லையென்று சொல்லவேண்டிய இடம் அது. நான் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவளை அப்படியே நினைக்க விட்டேன். தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். கோழை.

1989 ஆனியில் மறுபடியும் முகாம். லீவு போட்டுவிட்டு வந்து புரோகிராமை மாற்றினேன். யாரோ எழுதிவைத்த ஃபங்ஷனிடம் இந்தத் தடவை கேட்கவில்லை. தமிழ் கார்டின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நானே பட்டியலில் ஏற்றினேன். இது எழுத்து, இதுவும் எழுத்து என்று. ஒரே நாளில் முடிந்துவிட்டது. முதல் சோதனைக்கு, இனிஷியல் இல்லாமல், 'பேராச்சி, இலஞ்சி' என்று கொடுத்தேன். பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. இராமலட்சுமி தாளைக் கிழிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

முகாம் அன்று அம்மாவும் வருவேன் என்று பிடிவாதமாக நின்றாள். அதற்குள் இடது கண்ணிலும் நிழல் மாதிரிதான் தெரிந்தது. "எதுக்கும்மா?" என்றேன். "சும்மா அங்கன ஒரு ஓரமா இருக்கேன்" என்றாள். கைப்பிடித்துக் கூட்டிப்போய்ப் பதிவு மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. மேஜையில் சீட்டு எழுதியது இராமலட்சுமி.

பத்து மணி வாக்கில் ஒரு பெண் தனியாக வந்தாள். அம்மா வயசு. "வீட்டுக்காரர் பேரு?" என்று இராமலட்சுமி கேட்டதும், வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சொல்லிரு தாயி. வெக்கப்படாத. நான் சொல்லாம இருந்துதான் கண்ணைத் தோத்துட்டு நிக்கேன். இந்தா, நான் சொல்லுதேன் பாரு. எம் புருசன் பேரு உச்சிமாகாளி."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் குனிந்து இராமலட்சுமியின் காதில் ஒரு பெயரைச் சொன்னாள்.

மத்தியானத்துக்குள் பதினோரு பெண்கள் அப்படித் தனியாக வந்தார்கள். பதினோரு தடவையும் அம்மா எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் தடவையே ஓடிப்போய்த் தடுத்திருக்கவேண்டும். போகவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்தேன்.

"எம்மா, இனிமே அந்தப் பேரைச் சொல்லவேண்டாம். இனிஷியல் இல்லாட்டாலும் இப்ப மிசின்ல வரும்."

"திருத்திட்டியா எய்யா?" அவள் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. திருத்த எம்புட்டு நாளாச்சு?"

"ஒரு நாளு."

இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாயை எடுத்த கை அப்படியே நின்றது.

"அப்ப அன்னைக்கும் அந்தப் பேரு வேண்டியதில்லதான?"

"வேண்டியதில்லம்மா. தமிழும் எழுத்துதான்னு நான் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும். குடுக்கல. தப்பு பூரா என்னுது. பஸ்ஸுல ஒங்கிட்ட மறைச்சுட்டேன்."

அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடிக்கவில்லை. பருக்கை ஒட்டிய கையோடு என் தலை எங்கே என்று தேடி, தடவினாள்.

"கண்ணு போனா போட்டும்யா, அது விதி" என்றாள். கை என் தலையிலேயே இருந்தது. பிறகு மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"அவுக பேரை எதுக்குய்யா என்னையச் சொல்ல வச்ச?"